காவல் யாருக்கு?

கதவு இருந்தது. காவல் இருந்தது. கட்டளைகளும் இருந்தன. அத்தனையும் இருந்த இடத்தில், ஓர் இரவில், எட்டு உயிர்கள் போயின!

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், இரவு 11 மணி கடந்த நேரம். அமெரிக்க நாட்டு இண்டியானாபொலிஸ் நகரில், ஊரெல்லாம் பார்சல் அனுப்பும் ஃபெடெக்ஸ் கம்பெனியின் நிலையம். முன்பு அங்கே வேலை பார்த்த 19 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியுடன் வந்தான், எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான், தன்னையும் மாய்த்துக்கொண்டான். மாண்டவர்களில் நால்வர் சீக்கியர்.

செய்தி பரவிற்று. உள்ளே வேலைக்குப் போனவர்களின் பெற்றோரும் பிள்ளைகளும் பதறினர். கைப்பேசியில் அழைத்தனர், பதில் இல்லை. மீண்டும் அழைத்தனர், பதில் இல்லை. அருகிலிருந்த ஓட்டலொன்றில் கூடி, மணிக்கணக்கில் காத்துக் கிடந்தனர். மாண்டவர் பேசவில்லை, சரி, பிழைத்தவருமா ஊமையாயினர்? ஊமையாகவில்லை, தோழர்களே! அவர்களிற் பலரிடம் கைப்பேசி இல்லை. வேலைத்தளத்தில் அது கூடாது என்பது விதி!

கம்பெனி இதற்குக் காரணம் கூறிற்று. பார்சல்களைப் பிரிக்கும் இயந்திரங்களின் அருகே கவனம் சிதறலாகாது. ஆகவே சில பகுதிகளில் அனுமதி பெற்றவருக்கு மட்டுமே கைப்பேசி என்றது. காரணம் பொய்யென்று நாம் கூறவில்லை. ஓடும் பட்டையருகே கைப்பேசியில் கண் பதித்து நின்றால் கை போகும், அறிவோம். ஆனால், 'அனுமதி பெற்றவர்' என்ற சொல்லைச் சற்று உற்று நோக்குங்கள். பதவி பெற்றவனுக்குக் கவனம் சிதறாது. பாரம் தூக்குபவனுக்கு மட்டும் சிதறும்! இதுவா இயந்திரத்தின் இயல்பு? இயந்திரம் ஆளைப் பார்த்தா கையை வெட்டுகிறது?

இன்னொன்றையும் எண்ணுங்கள். கொலைகாரனின் தாய், 2020 மார்ச்சிலேயே, மகனைப் பற்றிப் போலீசாரை எச்சரித்தார். போலீசார் அவனிடமிருந்த துப்பாக்கியைப் பறித்தனர். ஆபத்தானவனிடம் ஆயுதம் சேராமல் தடுக்கும் சட்டம் அந்த மாகாணத்தில் இருந்தது. அதன்படி வழக்குத் தொடர அரசு வழக்கறிஞர் முனையவில்லை. அதே ஆண்டில் அவன் மேலும் இரு துப்பாக்கிகளைச் சட்டப்படியே விலைக்கு வாங்கினான்! பார்சல் பிரிப்பவன் சட்டைப்பையில் கைப்பேசி இருந்தால் விதி பாய்கிறது. கொலைக் கருவி கைமாறும்போது விதி உறங்குகிறது. எளியவனிடம் விழித்திருப்பதும் மற்ற இடத்தில் கண்ணயர்வதும்தான் காவலா? கேட்கிறோம்.

*

கிடங்குகளில் நடைபெறும் இன்னொரு காவலைக் காண்போம்.

அமெரிக்காவின் நெவாடா மாகாணத்தில், அமேசான் பொருள்களை எடுத்துக் கட்டி அனுப்பும் கிடங்குகளில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்கள் வழக்கொன்று தொடுத்தனர். அவர்களைக் கூலிக்கமர்த்திய கம்பெனியின் பெயர் இன்டெக்ரிட்டி ஸ்டாஃபிங் சொல்யூஷன்ஸ். பெயரின் முதற்சொல்லுக்குத் தமிழில் 'நேர்மை' என்று பொருள்! வேலை முடிந்தபின் வீடு செல்ல முடியாது. வரிசையில் நிற்க வேண்டும். பணப்பையை எடு, சாவியை எடு, இடுப்பு வாரைக் கழற்று, உலோகம் காட்டும் கருவிக்குள் நுழை! திருடவில்லை என்று மெய்ப்பித்த பிறகே வெளியே போகலாம். இதற்கு நாள்தோறும் ஏறத்தாழ 25 நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்துக்குக் கூலி இல்லை என்பதே அவர்கள் முறையீடு.

கணக்கிடுவோம். வாரம் ஐந்து நாளென்றால் 125 நிமிடம். ஆண்டுக்கு 50 வாரமென்றால் 100 மணி நேரத்துக்கும் மேல்! ஒரு சோப்புக்கட்டி காணாமற்போனால் திருட்டு என்பர். ஓர் உழைப்பாளியின் வாழ்நாளில் ஆண்டுதோறும் 100 மணி நேரம் காணாமற்போனால் அதற்கு என்ன பெயர்?

2014 டிசம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். சோதனைக்கு நிற்பது வேலையின் பிரிக்க முடியாத பகுதியன்று. ஆகவே 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி கூலி தர வேண்டியதில்லை! நிற்காமற் போனால் வேலை போகும். நின்றாலோ அது வேலையாகாது. என்னே விந்தை!

சட்டம் எங்கும் அப்படித்தான் இருக்க முடியும் என்று எவரேனும் தலையாட்டினால், அவருக்கும் விடை உண்டு. 2021 ஜூலையில் பென்சில்வேனியா மாகாணத்து உச்சநீதிமன்றம், கிடங்குக்குள் சோதனைக்காகக் காத்துநிற்கும் நேரமும் அம்மாகாணச் சட்டப்படி வேலை நேரமே என்று கூறிற்று. ஆகவே, கூலி மறுப்பது இயற்கையின் நியதியன்று, மனிதர் எழுதியது. மனிதர் எழுதியதை மனிதரே திருத்தலாம்.

*

தொழிலாளி திருடுவான் என்ற ஐயம் நேரத்தை மட்டுமா விழுங்கிற்று? உயிரையும் விழுங்கியிருக்கிறது.

1911 மார்ச் 25, நியூயார்க். டிரையாங்கிள் என்னும் தையல் ஆலையில் தீப்பற்றியது. ஒன்பதாவது மாடியில் இருந்த பெண்கள் மாடிப்படிக் கதவுக்கு ஓடினர். கதவு பூட்டியிருந்தது! வேலை முடிந்து போகும் பெண்களின் கைப்பையைத் திறந்து பார்க்க ஒரே வழி போதும், மற்ற வழி எதற்கு என்பது முதலாளிகளின் காவல் முறை. துணித்துண்டு களவு போகாதிருக்கப் பூட்டிய கதவுக்குப் பின்னால், புகையிலும் தீயிலும், மாடியிலிருந்து குதித்தும், 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த இளம்பெண்கள். முதலாளிகள் மீது வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியுமென்று மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, அவ்வாண்டு டிசம்பரிலேயே விடுதலை பெற்றனர். பூட்டு முதலாளியுடையது, பொறுப்பு மட்டும் எவருடையதுமன்று!

உலகம் பாடம் கற்றதா? 1991 செப்டம்பர் 3, அதே அமெரிக்கா, வடகரோலினா மாகாணத்து ஹாம்லெட் என்ற சிற்றூர். கோழி இறைச்சி ஆலையில் தீ. கதவுகள் பூட்டியிருந்தன. 25 பேர் மாண்டனர். எண்பது ஆண்டுக்கு முன் துணிக்காகப் பூட்டினர்; எண்பது ஆண்டுக்குப் பின் கோழிக்கறிக்காகப் பூட்டினர். பூட்டும் மனம் மட்டும் மாறவில்லை.

இந்த மனம் நமக்குப் புதிதா? இல்லை, தோழர்களே! செய்த குற்றத்தைப் பாராமல், பிறந்த குலத்தைப் பார்த்துக் 'குற்றவாளி' என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் பாட்டன்மார் கண்டனர். 1871இல் வெள்ளையர் இயற்றிய அச்சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள், 1920 ஏப்ரல் 3ஆம் நாள், துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழிந்ததா? அன்று குலத்தைப் பார்த்தனர். இன்று கூலியைப் பார்க்கின்றனர். அன்று பிறப்பால் திருடன்; இன்று கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறத்தால் திருடன்!

*

'ஊழியரின் பொறுப்பு' என்று ஓயாமல் பேசுகின்றனரே, அந்தப் பொறுப்பு எத்தகையது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று கிடைத்தது. 2024 மே மாதம், அரியானா மாநிலத்து மானேசரில் அமேசான் கிடங்கொன்றில், 24 அடி நீளமுள்ள ஆறு லாரிகளின் சரக்கை இறக்கி முடிக்கும்வரை, தண்ணீர் குடிக்கவோ சிறுநீர் கழிக்கவோ போகமாட்டோம் என்று தொழிலாளரிடம் உறுதிமொழி வாங்கப்பட்டதாகச் செய்தி வெளிவந்தது. அச்செய்தியைக் கண்டு தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து விளக்கம் கேட்டது. அப்படிச் செய்தது ஏற்க முடியாதது என்று கம்பெனியும் கூறிற்று.

கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கும் வழக்கத்தை மூடத்தனம் என்று எள்ளி நகையாடுகிறோம். கிடங்கிலே கை நீட்டிச் சத்தியம் வாங்குவது மட்டும் நாகரிகமா? சிறுநீர்ப்பை சத்தியத்துக்குக் கட்டுப்படுமா? தாகம் உறுதிமொழி அறியுமா? உடலின் தேவையைக் குற்றமாக்கி, அதை அடக்குவதைப் பொறுப்பென்று போற்றுவது நோன்பு, விரதம் என்ற பழைய பித்தலாட்டத்தின் புதிய பதிப்பன்றி வேறென்ன?

"களவே நடப்பதில்லையா? காவலே கூடாதா?" என்று நம்மை மடக்க முனைவோர் உண்டு. நடக்கிறது. காவலும் வேண்டும். நாம் ஒழுங்கின் பகைவர் அல்லோம். தன் அடையாள அட்டையை அடுத்தவனுக்குக் கொடுப்பவன் தவறு செய்கிறான். அவசர வழியை மூட்டைகளால் அடைப்பவன் தோழனின் உயிரோடு விளையாடுகிறான். மிரட்டலைக் கேட்டும் மேலே சொல்லாதிருப்பவன் கடமை தவறுகிறான். இவையெல்லாம் ஊழியரின் பொறுப்பே, மறுக்கவில்லை.

ஆனால், பொறுப்புக் கேட்பவன் உரிமையும் தரவேண்டும். உரிமையில்லாப் பொறுப்புக்கு அடிமைத்தனம் என்றே பெயர். மிரட்டலைச் சொல்லச் சொல்கிறாயே. சொன்னவனுக்கு வேலை நிலைக்குமா? ஆபத்தென்றால் ஓடச் சொல்கிறாயே. ஓடும் கதவு திறந்திருக்கிறதா? வரிசையில் நிற்கச் சொல்கிறாயே. நிற்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? மானேஜர் அந்த வரிசையில் நிற்கிறாரா?

இளைஞர்களே! பட்டம் பெற்றும் வேலை கிட்டாமல், பார்சல் கிடங்கின் வாசலில் நிற்கும் நிலை உங்களுக்கும் உங்கள் தம்பிமாருக்கும் வந்திருக்கிறது. விதிப்பலகையைக் கண்டதும் வேதவாக்கென்று வணங்கிவிடாதீர்கள்; வெறுப்பால் கிழித்தெறியவும் வேண்டாம். படியுங்கள், ஒவ்வொரு விதியிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இது யாரைக் காக்கிறது? இதன் செலவை யார் தலையில் வைக்கிறது? உயிருக்கு ஆபத்து வரும்போது இதை மீறும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால் அவ்விதியை நீங்களே காவல் காத்து நில்லுங்கள். கிடைக்காவிட்டால், தனியே முணுமுணுக்காதீர்கள்; தோழரோடு சேர்ந்து, சங்கமாய்க் கூடி, திருத்தக் கேளுங்கள்.

சோதனை எல்லோருக்கும் ஒன்றாகட்டும். காத்திருக்கும் நேரம் கூலி நேரமாகட்டும். கதவு உள்ளிருந்து திறக்கட்டும். ஆபத்து வேளையில் வீட்டுக்கு ஒரு சொல் சொல்ல வழி இருக்கட்டும். விதி எழுதும் மேசையில் மூட்டை தூக்குபவனுக்கும் ஒரு நாற்காலி இருக்கட்டும்.

பொட்டலத்தின் மேல் 'பத்திரம், உடையும்' என்று ஒட்டுகிறார்கள். உடைந்த பொட்டலத்துக்கு மாற்றுப் பொட்டலம் அனுப்பலாம். அதைச் சுமக்கும் மனிதனுக்கு மாற்று இல்லை. இதை ஒப்புக்கொள்ளாத வரையில், அவர்கள் வைத்திருப்பது காவல் அன்று, வெறும் பூட்டு!