தோட்டாவால் தோட்டத்தைக் காக்க முடியுமா?

சிறுமலை அடிவாரத்தில் மானாவாரியாக நிலக்கடலை போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். பூக்கும் தருணத்தில் இரண்டே இரவுகளில் மான்கள் புகுந்து கால் ஏக்கர் கொழுந்தை மேய்ந்துவிட்டன. பக்கத்துத் தோட்டத்துக்காரர், “நாட்டுத் துப்பாக்கியில் ஒரு வெடி வைத்தால் மறுபடி எட்டிப் பார்க்காது” என்கிறாராம். வெளிநாடுகளில் மானைச் சுட அனுமதிக்கிறார்களே, இங்கே மட்டும் ஏன் கூடாது என்றும் கேட்கிறார்.

கடன் வாங்கி விதைத்தவருக்கு இந்தக் கோபம் வருவது இயல்பு. ஆனால் சட்டத்தைப் பார்ப்பதற்கு முன், துப்பாக்கி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பறக்கும் குண்டின் ஆற்றல் அதன் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. எடை இரட்டிப்பானால் ஆற்றலும் இரட்டிப்பாகும். வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 10 கிராம் எடையுள்ள ரைபிள் தோட்டா வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 3200 ஜூல். 50 கிலோ மூட்டையைச் சுமார் ஆறரை மீட்டர் உயரத்துக்குத் தூக்க இவ்வளவு ஆற்றல் வேண்டும்.

ஆனால் தோட்டா சுமந்து செல்லும் ஆற்றல் வேறு, விலங்கின் உடலுக்குள் இறக்கும் ஆற்றல் வேறு. முழுவதும் கடினமான உலோக உறை போர்த்திய தோட்டா உருமாறாமல் ஊடுருவி மறுபக்கம் வெளியேறினால், ஆற்றலில் பெரும்பகுதியைத் தன்னோடே கொண்டுபோய்விடும். நுனியில் ஈயம் தெரியும் மென்முனைத் தோட்டா உடலுக்குள் காளான் போல விரிந்து, அங்கேயே ஆற்றலை இறக்கும். கொல்கத்தா அருகேயுள்ள டம்டம் ஆயுதச்சாலையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்யப்பட்டதால் இத்தகைய தோட்டாவுக்கு ‘டம்டம்’ என்றே பெயர் நின்றுவிட்டது. போரில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 1899இல் ஹேக் மாநாட்டில் அறிவித்தார்கள். அதே வகைத் தோட்டாவை, விலங்கு துடிக்காமல் சீக்கிரம் சாகட்டும் என்று வேட்டையில் பயன்படுத்துகிறார்கள்.

வெளிநாட்டு அனுமதியும் நினைத்தபடி சுடுவதற்கான அனுமதி அல்ல. ஜெர்மனியில் வேட்டைக்கு உரிமம் பெறவே தேர்வு எழுத வேண்டும். அங்குள்ள சட்டப்படி, ரோ எனும் சிறு மானைச் சுடும் தோட்டாவுக்கு 100 மீட்டர் தொலைவில் குறைந்தது 1000 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். பெரிய மான்களுக்கு 2000 ஜூல். அதற்குக் குறைந்தால் விலங்கு சாகாமல் காயத்தோடு ஓடிவிடும் என்பதே காரணம்.

இப்போது நாட்டுத் துப்பாக்கிக்கு வருவோம். அதில் கருமருந்தோடு போடுவது பெரும்பாலும் பால்ரஸ் குண்டு. ஒரு கிராம் குண்டு வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் 45 ஜூல். உருண்டைக் குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். வேகம் பாதியானால் மிஞ்சுவது 11 ஜூல்தான். பத்துக் குண்டு போட்டாலும் அவை சிதறிப் போகும். வயிற்றிலோ தொடையிலோ பட்ட மான் காட்டுக்குள் ஓடி, சீழ் வைத்து, பல நாள் கிடந்து சாகும். கூட்டத்தில் மற்றவை அடுத்த வாரம் அதே கடலைக்கு வரும். செத்த மான் மற்ற மான்களுக்கு எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை.

சரியான ரைபிள் இருந்தால் ஆகாதா என்றால், அதில் வேறு ஆபத்து இருக்கிறது. குறி தவறிய ரைபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்கில் போகும். திண்டுக்கல் சமவெளியில் இரவு நேரம் ஆளில்லாத நேரம் அல்ல. மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடப் போகிறவர், ஆட்டுக்கிடை காவலில் படுத்திருப்பவர், காவல் பரணில் இருப்பவர் என்று எல்லோரும் அதே இருட்டில்தான் இருக்கிறார்கள்.

சட்டத்தையும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி மான் வேட்டை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருப்பது ஆயுதச் சட்டம் 1959இன்படி தனிக் குற்றம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது காட்டுப்பன்றிக்கு மட்டுமே பொருந்தும். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் செய்வார்கள். மானுக்கோ காட்டுமாட்டுக்கோ இது பொருந்தாது.

அப்படியானால் கடலையை எப்படிக் காப்பது? சூரியசக்தி மின்வேலியின் கருவி ஏறக்குறைய வினாடிக்கு ஒரு தடவை, மிகக் குறுகிய நேரத்துக்கு, சில ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் ஒரு துடிப்பை அனுப்பும். பன்னாட்டுப் பாதுகாப்புத் தரப்படி ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது. மூக்கில் சுரீரென்று பட்ட மான் உயிரோடு திரும்பிப் போகும். அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். கொல்ல 2000 ஜூல் கேட்கும் மானைத் திருப்பி அனுப்ப 5 ஜூலே போதும். மின்வாரியக் கம்பியில் கொக்கி போட்டு வேலிக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பது இதுவல்ல. அதில் மின்சாரம் இடைவிடாமல் பாய்வதால் மானும் சாகும், வரப்பில் வரும் மனிதரும் சாவார்.

வேலி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கடமான் ஆறடி வேலியையும் தாண்டக்கூடியது. பிரதான வேலிக்கு மூன்றடி வெளியே ஒற்றைக் கம்பி ஒன்று இழுத்தால், உயரத்தையும் அகலத்தையும் சேர்த்துத் தாண்ட மான் தயங்கும்.

2. கம்பியில் புல்லும் கொடியும் படக் கூடாது. பட்டால் துடிப்பு அந்த வழியாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும்.

3. கோடையில் செம்மண் காய்ந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது. எர்த் கம்பியைச் சுற்றி அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

4. மின்வேலிக்கென 2023இல் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்துள்ளது. வனத்துறையில் அனுமதியும் பதிவும் முடித்த பிறகே வேலி வேலையைத் தொடங்க வேண்டும். இந்த ஆண்டு மானியம் இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

தனித்தனியாக வேலி போட்டால் மான் அடுத்த தோட்டத்துக்குப் போகும். காட்டை ஒட்டிய நான்கைந்து பேர் சேர்ந்து காட்டுப் பக்கத்தை ஒரே வேலியாக அடைத்தால் ஆளுக்குச் செலவும் குறையும்.

மேய்ந்துபோன கால் ஏக்கருக்கு, சேதம் தெரியும்போதே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வேளாண்மை அலுவலருக்கும் தகவல் சொல்லி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். செடி மறுபடி தழைத்துவிட்டால் சேதத்தைக் காட்ட முடியாது. எனவே கேள்வி கேட்ட வாசகர் முதலில் போக வேண்டிய இடம் வனச்சரக அலுவலகம்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூடவே அழைத்துப் போனால் வேலிப் பேச்சையும் அங்கேயே தொடங்கிவிடலாம்.