பாடம் நடத்தாமல் பரீட்சை வைக்காதீர்கள்



ஜவ்வாது மலையில் என்னிடம் படித்த ஒருவன் பலாமரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. கீழே ஒரு மருத்துவமனையில் பிளேட் வைத்து, 5ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 20ஆம் நாள் காயத்தில் சீழ். மறுபடியும் ஆபரேஷன். "மலைக்காரங்களுக்குச் சுத்தம் தெரியாது சார்" என்றார் அங்கே ஒருவர்.

அவனிடம் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளை வாங்கிப் பார்த்தேன். முழுக்க ஆங்கிலம். அவன் படித்தது தமிழ்வழி. அவன் அம்மா கைநாட்டு. பாடமே நடத்தாமல் பரீட்சை வைத்து, பெயிலானவனைத் திட்டுகிற வாத்தியாரை என்ன சொல்வீர்கள்?

அந்தத் தாளில் தமிழில் இருந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: கட்டை நனைக்காதே. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தொடாதே. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. தையல் பிரிக்கச் சொன்ன நாளில் வா. பீடி பிடிக்காதே, எலும்பு கூடத் தாமதமாகும். சர்க்கரை இருந்தால் கட்டுப்பாட்டில் வை. முதல் சில நாள் லேசாக நீர் கசியலாம். அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். கசிவு கூடினால், சிவப்பு பரவினால், நாற்றம், காய்ச்சல், அதிகமாகும் வலி, கெண்டைக்கால் வீக்கம் இருந்தால் அன்றைக்கே வா.

ஏன் அன்றைக்கே? உள்ளே இருப்பது உலோகம். கிருமி அதில் படலமாக ஒட்டிக்கொண்டால் மாத்திரைக்கு எளிதில் அசையாது. மேல்தோல் மூடி மாதங்கள் கழித்தும் சீழ் வரலாம்.

நம் பக்கமும் தப்பு உண்டு. மஞ்சள்தூள், காப்பித்தூள், பச்சிலைச் சாறு எதுவும் தையல்மேல் வேண்டாம். "மஞ்சள் கிருமிநாசினிதானே சார்?" என்கிறார்கள். அஞ்சறைப்பெட்டி மஞ்சளிலேயே கிருமி இருக்கும். மாவுக்கட்டுக்குள் குச்சி விட்டுச் சொறிவதும் கூடாது.

ஆனால் சொல்லிக்கொடுக்காதவர்களுக்குக் குறைசொல்ல உரிமை இல்லை. ஜமுனாமரத்தூரைத் தாண்டியுள்ள சிற்றூரிலிருந்து ஒவ்வொரு சந்தேகத்துக்கும் போளூருக்கு இறங்க முடியுமா? கூலி போகும், பஸ் கிடைக்காது. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிகூட வீட்டுக்கு வருகிறது. ஆபரேஷன் காயத்தையும் அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டால் என்ன?

என் மாணவர்களில் நர்ஸ், டாக்டர் ஆனவர்கள் பலர். உங்களைத்தான் கேட்கிறேன். அனுப்பும் முன் ஐந்து நிமிடம் தமிழில் சொல்லுங்கள். கூட இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வகுப்பில் உங்களை நான் அப்படித்தானே கேட்டேன்?

மற்றவர்கள், சந்தேகம் வந்தால் 104க்கு அழையுங்கள். புரியாத தாளை வாங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டு வராதீர்கள்.