எண்பது பர்சென்ட் பயம்

ஆஞ்சியோகிராம் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி வரிசை உண்டு. எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் அங்கே கேட்கிற வசனம் ஏறக்குறைய ஒன்றுதான். கதவு திறக்கும். பச்சை உடுப்பில் ஒருவர் வந்து, 'எண்பது பர்சென்ட் பிளாக் இருக்குங்க. அப்பா இன்னும் டேபிள்லதான் இருக்கார். இப்பவே ஸ்டென்ட் வெச்சுடலாமா?' என்பார். கையில் ஒரு ஃபாரம். உங்களுக்குப் பத்து நிமிடம் அவகாசம். எந்த நகையை அடகு வைப்பது, மச்சானுக்கு போன் போடலாமா என்று யோசிக்கவே அது போதாது. கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள்.

அந்தப் பத்து நிமிட அவசரம் உங்கள் அப்பாவுக்கா, ஆஸ்பத்திரிக்கா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் பேச்சைக் கேட்டு யாராவது உயிரை விட்டுவிடப் போகிறீர்கள். நெஞ்சில் பாரம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை என்றால் பத்திரிகையை மூடிவிட்டு 108-க்கு போன் செய்யுங்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். ரத்தக்குழாய் முழுக்க அடைபட்டு, இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்து 90 நிமிடத்துக்குள் பலூன் வைத்துத் திறப்பது அங்கே நிஜமாகவே உயிர் காக்கும் வைத்தியம். அப்போது தயங்கக்கூடாது.

நான் பேசுவது வேறு ஆட்களைப் பற்றி. மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும், மாதக்கணக்கில் இதே கதை. அல்லது ஒரு தொந்தரவும் இல்லை. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் டிரெட்மில் 'பாசிட்டிவ்' என்று வந்துவிட்டது. இவர்களிடம்தான் 'நெஞ்சுக்குள்ள டைம்பாம் வெச்சுக்கிட்டு சுத்தறீங்க' என்கிறார்கள்.

டைம்பாமா? 2007-ல் 'கரேஜ்' என்ற ஆய்வு வெளியானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படிப்பட்ட 2,287 நோயாளிகள். ஒரு பாதிக்கு மருந்தும் ஆஞ்சியோபிளாஸ்டியும், மறு பாதிக்கு வெறும் மருந்து. நாலரை வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். சாவிலும் சரி, மாரடைப்பிலும் சரி, குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆய்வில் குறை சொன்னவர்களுக்காகவே செய்தது மாதிரி 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து 'இஸ்கீமியா' வந்தது, 2020-ல். சோதனைகளில் மோசமாக வந்தவர்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். முடிவு மாறவில்லை.

காரணம் எளிது. நாம் இதயத்தைக் கிச்சன் சிங்க் மாதிரி நினைக்கிறோம். அடைப்பை எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் கொழுப்பு குழாய் நெடுகப் படிந்திருக்கிறது. நாளைக்கு வெடித்து ரத்தத்தை உறையவைத்து மாரடைப்பைக் கொண்டுவரப் போவது, படத்தில் யாரும் கண்டுகொள்ளாத முப்பது நாற்பது பர்சென்ட் படிவாகவும் இருக்கலாம். எண்பதில் வைத்த கம்பி வலை அதை என்ன செய்யும்? ஸ்டாட்டின் மாத்திரையும், பிரஷர், சர்க்கரைக் கட்டுப்பாடும், சிகரெட்டை விடுவதும்தான் எல்லா இடத்துக்கும் போய் வேலை செய்கின்றன. அதற்குப் பேக்கேஜ் கிடையாது, பாவம்!

ஸ்டென்ட் வலியைக் குறைக்கும். அது உண்மை, 2023-ல் வெளியான 'ஆர்பிட்டா-2' அதை உறுதி செய்தது. மாத்திரை சாப்பிட்டும் நடக்கவிடாமல் வலிக்கிறதா, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வலிக்காக என்று சொல்லி வைக்கட்டும். உயிர்ப் பயத்தைக் காட்டி ஏன் வைக்க வேண்டும்?

காசு விஷயமும் பார்த்தோம். லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியது. ராத்திரி லட்சம், விடிந்தால் முப்பதாயிரம். அந்த லட்சத்துக்கும் ஏதோ ஒரு ஃபாரத்தில் ஒரு மகனோ மகளோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

ஆகவே மாரடைப்பு இல்லாத பட்சத்தில், ஆஞ்சியோவுக்கு உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள்: 'படம் மட்டும் எடுங்க டாக்டர். வெளியே வந்து பேசி முடிவு பண்றோம்.' பிறகு கேளுங்கள். அடைப்பு இடது பிரதானக் குழாயிலா? இதயத்தின் பம்பிங் குறைந்திருக்கிறதா? இந்த இரண்டும் வேறு கணக்கு. மேலே சொன்ன ஆய்வுகள் இவர்களுக்குப் பொருந்தா. சும்மா இருக்கும்போதே வலி வர ஆரம்பித்தாலும் அப்படித்தான். சர்க்கரையும் இருந்து மூன்று குழாயிலும் அடைப்பு என்றால் வரிசையாக ஸ்டென்ட் அடுக்குவதைவிட பைபாஸ் மேல் என்று 2012-லேயே நிரூபணமாகிவிட்டது. 'பைபாஸ் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமா?' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் ஸ்டென்ட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளைப் பல் பிடுங்குகிற சாக்கில்கூட இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட்டிலேயே ரத்தம் உறைந்துவிடும்.

இன்னொரு டாக்டரிடம் காட்ட ஆஞ்சியோ சி.டி. வேண்டும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-லிருந்தே மருத்துவ கவுன்சில் விதி. கவுன்ட்டரில் 'அடுத்த வாரம் வாங்க' என்றால் அந்த விதியைச் சொல்லிவிட்டு அங்கேயே உட்காருங்கள். நாற்காலிதான் போட்டிருக்கிறார்களே!