தகட்டுக்குக் காவல், தகரக் கூரைக்கு யார் காவல்?

கூரையில் ஓலையை எடுத்துவிட்டுத் தகர ஷீட் போடுவது நம் காலனிகளில் ஒரு குடும்பத்துக்குப் பெரிய முடிவு. மகளிர் குழுக் கடன் கிடைக்க வேண்டும். அல்லது கரும்பு வெட்டப் போன இடத்தில் கூலி மிச்சமாக வேண்டும். அல்லது சீட்டு விழ வேண்டும். அப்படிச் சேர்த்த பணத்தோடு கடைக்குப் போகிறவருக்கு, டெல்லியில் எடுத்த ஒரு முடிவும் அந்த ஷீட்டின் விலையில் கலந்திருப்பது தெரிவதில்லை. பில்லில் ஜிஎஸ்டி மட்டும்தான் தனியாகத் தெரியும். இறக்குமதி வரி விலைக்குள்ளேயே கரைந்து வந்துவிடும்.

அதனால்தான் இந்த வாரம் எஃகு இறக்குமதி வரியை எடுத்துக்கொண்டோம். இது பெரிய ஆலைகளின் விவகாரம், நமக்கென்ன என்று கடந்துபோக முடியாது. கூரை போடுகிறவர், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், பழைய இரும்பு பொறுக்கி விற்கிறவர் என்று இதில் நம் மக்கள் பல இடங்களில் நிற்கிறார்கள்.

எதற்கு வரி, எதற்கு இல்லை?

2025 ஏப்ரல் 21 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் எஃகுத் தகடுகளுக்கும் சுருள்களுக்கும் மத்திய அரசு 12 சதவீதம் பாதுகாப்பு வரி விதித்தது. முதலில் 200 நாட்களுக்கு என்று வந்தது. பிறகு டிசம்பர் மாதக் கடைசியில் மூன்று ஆண்டுகளுக்கு என்று உறுதியானது. முதல் ஆண்டு 12 சதவீதம், இரண்டாம் ஆண்டு 11.5, மூன்றாம் ஆண்டு 11. வழக்கமான சுங்க வரிக்கு மேல் இது தனி. குறிப்பிட்ட விலைக்கு மேல் இறங்கும் சரக்குக்கு இந்த வரி கிடையாது.

துத்தநாகம் பூசிய ஷீட்டும் வர்ணம் பூசிய கலர் ஷீட்டும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது நம் கூரை நேராகவே இதற்குள் வருகிறது. வீடு கட்டும் கம்பி இந்தப் பட்டியலில் இல்லை. எவர்சில்வர் பாத்திரத்துக்கான எஃகும் இல்லை. கம்பி விலை ஏறினால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். எல்லா விலை ஏற்றத்துக்கும் இந்த வரிதான் காரணம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆலைகள் ஏன் கேட்டன?

ஆலைகளின் குறை பொய்யல்ல. சீனாவில் கட்டுமானம் படுத்துவிட்டது. அங்கே மிஞ்சிய எஃகு உலகச் சந்தையில் கொட்டுகிறது. 2024-ல் மட்டும் சீனா சுமார் 11 கோடி டன் எஃகை ஏற்றுமதி செய்தது. ஜப்பானிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் வரும் எஃகுக்கு, அந்நாடுகளுடன் உள்ள வணிக ஒப்பந்தங்களால் வழக்கமான சுங்க வரியும் விழுவதில்லை. 2024-25-ல் இந்தியாவுக்குள் வந்த எஃகு சுமார் 95 லட்சம் டன். ஏற்றுமதியைவிட இறக்குமதி அதிகமாக இருந்தது. இப்படியே விட்டால் உள்நாட்டு ஆலைகள் உற்பத்தியைக் குறைக்கும், வேலை போகும் என்று ஆலைகளின் சங்கம் முறையிட்டது. வர்த்தக அமைச்சகத்தின் டிஜிடிஆர் அமைப்பு விசாரித்து வரியைப் பரிந்துரைத்தது.

மலிவாக வருகிறது என்பதற்காக நாட்டின் தொழிலை அழியவிட வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. பாதுகாப்பு கொடுத்தால் அதன் செலவை யார் சுமக்கிறார்கள், பலன் யாருக்குப் போகிறது என்று கேட்கிறோம்.

வரி அரசுக்கு, விலை ஆலைக்கு

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை நன்றாகக் கவனிக்கலாம். நாடு ஆண்டுக்குப் பயன்படுத்தும் எஃகு சுமார் 15 கோடி டன். அதில் இறக்குமதி 95 லட்சம் டன்தான். நூறில் ஆறு பங்கு. அந்த ஆறு பங்கின் மீது போடும் வரி மீதி 94 பங்கை எப்படித் தொடும்?

ஒரு கிலோ வெளிநாட்டுத் தகடு துறைமுகத்தில் 50 ரூபாய்க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். உள்நாட்டு ஆலை 55 ரூபாய் கேட்டால் வாங்குகிறவர் வெளிநாட்டுத் தகட்டுக்குப் போய்விடுவார். அதனால் ஆலையும் 50-க்குப் பக்கத்தில்தான் விற்க முடியும். இப்போது 12 சதவீத வரி விழுந்ததும் வெளிநாட்டுத் தகடு 56 ரூபாய் ஆகிறது. இனி உள்நாட்டு ஆலை 55 கேட்டாலும் அதுதான் மலிவு. அந்த விலைமீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்கிறது.

இறக்குமதியான தகட்டில் ஏறிய 6 ரூபாய் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. உள்நாட்டுத் தகட்டில் ஏறும் 5 ரூபாய் கருவூலத்துக்குப் போகாது; ஆலையின் கணக்குக்குப் போகும். நாம் வாங்குவதில் பெரும்பங்கு உள்நாட்டுத் தகடு. ஆகவே வரி என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி, வாங்குகிறவர் கையிலிருந்து விற்கிறவர் கைக்குப் பணம் மாறுவதுதான்.

ஆலைகள் எப்போதும் அந்த உச்ச விலையைக் கேட்டே தீரும் என்றும் சொல்ல முடியாது. தேவை குறைந்தால் விலை இறங்கும். 2025-ன் பிற்பகுதியில் வரி இருந்தபோதே உள்நாட்டு விலை இறங்கவும் செய்தது. ஆனால் தேவை கூடும் காலத்தில் விலையைப் பிடித்து இழுக்கும் கயிறு தளர்ந்துபோகிறது.

பட்டறைக்காரர் நிலை

எஃகு செய்கிற ஆலைகள் சில. எஃகை வாங்கிப் பொருள் செய்கிற பட்டறைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கிரில், கேட், பீரோ, டிராக்டர் டிரெய்லர், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், பள்ளிக்கூட பெஞ்சுக் கால் எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. இரும்புக் குழாய் நேராக வரிப் பட்டியலில் இல்லாவிட்டாலும், அது தகட்டுச் சுருளை வளைத்துச் செய்வதுதான். சுருள் விலை ஏறினால் குழாய் விலையும் ஏறும்.

ஐடிஐ முடித்த நம் பிள்ளைகளில் சிலர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியம் தருகிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 4 சதவீதத்தை எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோரிடமிருந்து வாங்க வேண்டும் என்ற கொள்கையும் 2012 முதல் இருக்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் இயந்திரம் வாங்கத் தரும் மானியம், மாதாமாதம் வாங்கும் தகட்டின் விலையைப் பார்ப்பதில்லை. டெண்டரில் ஒரு விலையை எழுதிக் கொடுத்த பிறகு தகடு விலை ஏறினால், நஷ்டம் பட்டறைக்காரருக்கு. பெரிய கம்பெனி ஆலையோடு ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். சின்னப் பட்டறை கடைக்காரர் சொல்லும் அன்றைய விலைக்கு வாங்கும். அப்பன் பாட்டன் காலத்து வியாபாரமோ அடமானம் வைக்க நிலமோ இல்லாத முதல் தலைமுறைக்காரருக்கு அந்த நஷ்டத்தைத் தாங்கப் பின்னால் ஒன்றும் கிடையாது.

அமெரிக்காவில் இதன் விளைவை ஏற்கெனவே அளந்து பார்த்திருக்கிறார்கள். 2018-ல் அங்கே எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் இறக்குமதி வரி வந்தது. அந்த ஆண்டு போட்ட இறக்குமதி வரிகளின் விளைவை அமெரிக்க மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் இருவர் 2019-ல் ஆராய்ந்தார்கள். பாதுகாக்கப்பட்ட தொழில்களில் கிடைத்த சிறு நன்மையைவிட, மூலப்பொருள் விலை ஏற்றத்தாலும் பிற நாடுகளின் பதிலடி வரியாலும் மற்ற ஆலைகளில் ஏற்பட்ட வேலை இழப்பு பெரியது என்று கண்டார்கள். அப்படியிருந்தும் 2025 ஜூனில் அந்த வரி 50 சதவீதம் ஆனது.

பழைய இரும்புக்கு வேறு நியாயம்

இப்போது சாக்குப் பையோடு தெருத்தெருவாகப் போய்ப் பழைய இரும்பு சேர்க்கிறவரைப் பார்ப்போம். இந்த வேலையில் நம் மக்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர் கொண்டுவரும் இரும்பு காயலான் கடைக்குப் போகிறது. அங்கிருந்து சிறு உருக்காலைகளுக்குப் போய்க் கம்பியாகிறது.

வெளிநாட்டுப் பழைய இரும்புக்கு இருந்த சுங்க வரியை 2021 பட்ஜெட்டில் மத்திய அரசு நீக்கியது. பிறகும் அந்தச் சலுகையை நீட்டித்து வந்தது. சிறு உருக்காலைகளுக்கு இது உதவி. கம்பி விலை கட்டுக்குள் இருக்கவும் இது ஒரு காரணம். வீடு கட்டுகிறவர் என்ற வகையில் நமக்கும் லாபம்தான். அதை மாற்ற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆலை விற்கும் தகட்டுக்கு வெளிநாட்டுப் போட்டி வந்தால் வரிச் சுவர் எழும்புகிறது. பொறுக்கி விற்கும் இரும்புக்கு வெளிநாட்டுப் போட்டி வந்தால் கதவு முழுதாகத் திறக்கிறது. ஆலைகள் விண்ணப்பம் போட்டன, விசாரணை நடந்தது. இரும்பு பொறுக்குகிறவருக்கு விண்ணப்பம் போடச் சங்கம் இல்லை, வழக்கறிஞர் இல்லை. கொள்கை யார் குரல் கேட்கிறதோ அவர் பக்கம் சாய்கிறது.

வேலை யாருக்கு?

வரிக்குச் சொல்லப்படும் பெரிய காரணம் வேலைவாய்ப்பு. அதையும் கேட்டுவிடுவோம். விண்ணப்பித்த ஆலைகளில் பொதுத்துறை நிறுவனம் செயில் ஒன்றுதான். மற்றவை தனியார். பொதுத்துறையில் இட ஒதுக்கீடு உண்டு. தனியார் ஆலையில் கிடையாது. சேலம் உருக்காலையை விற்கும் முயற்சி வந்தபோது தொழிலாளர்கள் போராடியதை நாம் பார்த்தோம். இட ஒதுக்கீட்டில் கிடைக்கும் நிரந்தர வேலையும் அந்த ஆலையோடு சேர்ந்ததுதான். காப்பாற்றும் செலவில் நமக்குப் பங்கு உண்டென்றால், காப்பாற்றப்படும் வேலையிலும் நமக்குப் பங்கு வேண்டும். சட்டப்படி சலுகை பெறும் ஆலைகள், தங்கள் நிரந்தரப் பணியில் எஸ்.சி., எஸ்.டி. தொழிலாளர் எத்தனை பேர், ஒப்பந்தப் பணியில் எத்தனை பேர் என்ற கணக்கையாவது வெளியிட வேண்டும்.

மாறாத தொகை

பிரதமரின் கிராமப்புற வீடு கட்டும் திட்டத்தில் சமவெளிப் பகுதி வீட்டுக்கு 2016-ல் நிர்ணயித்த தொகை 1.20 லட்சம் ரூபாய். திட்டத்தை 2029 வரை நீட்டித்தபோதும் அதே தொகைதான். இந்தத் திட்டத்தின் இலக்கில் குறைந்தது 60 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்களுக்கானது. ஆகவே மாறாத அந்தத் தொகை முதலில் அடிப்பது நம் வீடுகளைத்தான். கான்கிரீட் கூரைக்காகத் தமிழக அரசு கூடுதல் பணம் சேர்க்கிறது. கலைஞர் கனவு இல்லத்துக்கு 3.50 லட்சம் ரூபாய். ஆனாலும் சன்னல் கம்பி, கதவு, முன்பக்கச் சாய்ப்புக்கு ஷீட் என்று வரும்போது குடும்பம் கடனுக்குத்தான் போகிறது. 2025 செப்டம்பரில் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஒரு கையில் குறைந்தது இன்னொரு கையில் ஏறக் கூடாது.

அரசால் முடியாததில்லை. 2022 மே மாதம் எஃகு விலை உச்சத்தில் இருந்தபோது, எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டு உள்நாட்டு விலையை இறக்க முயன்றது இதே அரசுதான். ஆறு மாதத்தில், நவம்பரில், அதை விலக்கியும் கொண்டது. வாங்குகிறவர் பக்கமும் நிற்க வழி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று, வீட்டுத் திட்டத் தொகையைக் கட்டுமானப் பொருள் விலையோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்த வேண்டும். இரண்டு, இந்த வரி இருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு எஸ்.சி., எஸ்.டி. சிறுபட்டறைகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாக ஆலை விலைக்கே தகடு கொடுக்க வேண்டும். மூன்று, குப்பையிலிருந்து பழைய இரும்பு பொறுக்குகிறவர்களை ஊராட்சியும் நகராட்சியும் கணக்கெடுக்க வேண்டும். கழிவுநீர்த் தொழிலாளர்களுக்கான நமஸ்தே திட்டத்தில் 2024 முதல் குப்பை சேகரிப்பவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். அடையாள அட்டையும் மருத்துவக் காப்பீடும் அதில் உண்டு. நம் பகுதியில் எத்தனை பேருக்கு அந்த அட்டை வந்திருக்கிறது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். நான்கு, வரி பற்றிய விசாரணையில் பொருளை வாங்கிப் பயன்படுத்தும் தொழில்களும் நுகர்வோர் அமைப்புகளும் கருத்துச் சொல்ல விதியில் இடமிருக்கிறது. நம் தொழில்முனைவோர் சங்கங்கள் அடுத்த முறை அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1923-ல் வெளியிட்ட நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. ரூபாய் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதிக்கு லாபம், நாட்டுக்கு நல்லது என்று பேசிய காலம் அது. அந்த லாபம் வானத்திலிருந்து விழவில்லை, விலை ஏறியும் கூலி ஏறாத உழைப்பாளியின் பையிலிருந்து போகிறது என்பது அவர் வாதம். நூறு ஆண்டு கழித்து எஃகு வரியிலும் நாம் கேட்க வேண்டியது அதே கேள்விதான்.

அடுத்த கிராம சபைக்கு வரும் படித்த பிள்ளைகள் முதல் கோரிக்கையையாவது ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். வீட்டுத் தொகையை உயர்த்தக் கோரும் தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்ற வைத்து, நகல் வாங்காமல் எழுந்திருக்க வேண்டாம்.