சொல்லுக்குமா குலம் பார்ப்பது?

ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்தோம் என்று மார்தட்டும் மேதைகள் சிலர், "ப்ரீபோன்" என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் சுளிக்கின்றனர். ஒத்திவைப்பது "போஸ்ட்போன்". அதன் தலையை மட்டும் மாற்றி, குறித்த நாளுக்கு முன்னதாகவே நடத்துவதைச் சுட்ட நம் நாட்டார் வழங்கும் சொல் இது. "பிழை! பிழை! ஆங்கிலேயன் இப்படிச் சொல்வானா?" என்று சீறுகின்றனர்.

ஆங்கிலேயன் என்ன செய்தான் என்று கேட்கிறோம்.

லூயி கரோல் என்ற புனைபெயர் பூண்ட ஆக்ஸ்போர்டுக் கணித ஆசிரியர், 1871-இல் வெளியிட்ட ஆலிஸ் கதையில் "சார்ட்டில்" என்றொரு சொல்லை உலவவிட்டார். உள்ளுக்குள் சிரிக்கும் "சக்கிள்" பாதி, மூக்கால் சீறும் "ஸ்நார்ட்" பாதி! எந்த இலக்கணப் பெருமன்றம் கூடி இதற்கு முத்திரையிட்டது? எந்தப் புலவர் ஒப்புதல் தந்தார்? ஒருவருமில்லை. அகராதி அழைத்து அமர்த்திக்கொண்டது.

ஆட்சிப் பீடத்தையும் விட்டதா இக்குறும்பு? 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி, தம் கட்சிக்கு ஆதாயமாகத் தொகுதி எல்லைகளை வளைத்த சட்டத்துக்குக் கையொப்பமிட்டார். ஒரு தொகுதி, பல்லி போன்ற சாலமாண்டர் என்னும் உயிரியாய் நெளிந்து கிடந்தது. "ஜெரிமாண்டர்" என்று எள்ளி நகையாடிற்று பாஸ்டன் ஏடு. (அவர் பெயரின் ஒலிப்பு உண்மையில் கெரி, சொல் அதையும் மாற்றிவிட்டது!) பின்னர் அவர் துணைக் குடியரசுத் தலைவரானார், 1814-இல் மறைந்தார். அப்பதவியை நினைப்பார் எத்தனை பேர்? கேலிச் சொல்லோ இன்றும் அமெரிக்க நீதிமன்றங்களில் ஒலிக்கிறது.

ஆக்ஸ்போர்டில் பிறந்தால் கலை, பாஸ்டனில் பிறந்தால் அங்கதம், நம் அலுவலக எழுத்தர் வாயில் பிறந்தால் மட்டும் இழிவா? பிறப்பைக் கேட்டுப் பெருமை அளக்கும் பழைய நோய், சொல்லையுமா பற்ற வேண்டும்? ஆக்ஸ்போர்டு அகராதியே "ப்ரீபோன்" என்பதை ஏற்றுக்கொண்டது. எசமான் கதவைத் திறந்த பின்னும் வாயிற்காப்போன் தடி ஓங்குகிறான்!

இதன் கேட்டை வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறோம். வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத பிள்ளை, ஒரு சொல் பிசகினால் நகைப்பார்களே என்று அஞ்சி, அறிந்ததையும் சொல்லாமல் விழுங்கிவிடுகிறது. விதி அறியாது இடறுவது வேறு, அறிந்து ஆடுவது வேறு, மறுக்கவில்லை. ஆனால் "போஸ்ட்" என்பது பின், "ப்ரீ" என்பது முன் என்று தெளிந்தவனன்றோ அச்சொல்லை ஆக்க முடியும்? சிவப்பு மையால் அடிக்குமுன் அதை எண்ணிப் பார்த்தீர்களா, ஐயன்மீர்?