மசோதா சட்டமாகும் முன்னரே பேசுவோம்

உயர்கல்வியின் தரத்தை நிர்ணயித்து ஒருங்கிணைக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியல் டெல்லிக்கு வழங்குகிறது. 1976-இல் நிறைவேறிய 42-ஆம் திருத்தமோ, மாநிலங்களிடம் இருந்த கல்வியை, ஒன்றிய, மாநில அரசுகள் இரண்டும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. எனவே, கோவையின் பாரதியார் பல்கலைக்கழகத்தையும் பீளமேடு, சிங்காநல்லூர் வட்டாரக் கல்லூரிகளையும் பாதிக்கும் விதிகள் பல, தலைநகரிலேயே எழுதப்படுகின்றன.

பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு மாற்றாக உயர்கல்வி ஆணையத்தை அமைக்கும் வரைவு 2018 ஜூனில் வெளியானபோது, கருத்துரைக்க முதலில் சுமார் பத்து நாள்களே தரப்பட்டன. எதிர்ப்பு வலுத்ததால் காலக்கெடு ஜூலை 20 வரை நீண்டது, அந்த வரைவு நாடாளுமன்றத்தை எட்டவேயில்லை. துணைவேந்தர் நியமன முறையை மாற்றியமைக்கும் மானியக் குழுவின் வரைவு விதிகள் 2025 ஜனவரியில் வந்தபோது, தமிழ்நாடு சட்டப்பேரவை சில நாள்களிலேயே எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான, உயர்கல்வி ஒழுங்குமுறைக்கான விக்சித் பாரத் சிக்ஷா அதிஷ்டான் மசோதா, இரு அவை உறுப்பினர்களும் இடம்பெறும் கூட்டுக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது.

எனவே, வாக்களிப்பதோடு குடிமக்களின் கடமை முடிந்துவிடுவதில்லை. எந்தப் பிரிவு, யாரை, எவ்வாறு பாதிக்கும், அதற்கு மாற்று வாசகம் என்ன என்று தெளிவாக எழுதப்பட்ட மனு, வெறும் கண்டன முழக்கத்தைவிட வலிமையானது. ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் மாணவர்களும் அத்தகைய மனுக்களை நாடாளுமன்றக் குழுக்களுக்கும் தொகுதி உறுப்பினருக்கும் உரிய காலத்தில் அனுப்ப வேண்டும். அரசும் வரைவுகளைத் தமிழில் வெளியிட்டுப் போதிய அவகாசம் அளிக்க வேண்டும்.