துணுக்குதானே என்று விட்டுவிடலாமா?

காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழிப்பது, பல வீடுகளில் குழந்தைகளின் வேலை. தேதி, கிழமை, பண்டிகை, விடுமுறை எல்லாம் அதில் இருக்கும். சில காலண்டர்களில் ஒரு துணுக்குச் செய்தியும் இருக்கும்.

அதைப் படிக்கும் குழந்தை, "ஏன்? எப்படி?" என்று கேட்கும். "போய்ப் பாடத்தைப் படி" என்று விரட்டக் கூடாது. அதுவும் பாடம்தான்!

புதிதாக எழுதப் படிக்கக் கற்ற பெரியவர்களுக்கும் துணுக்கு நல்ல துணை. தடித்த புத்தகத்தைக் கண்டு மலைப்பவர்கள், நாலு வரியைத் தயங்காமல் படித்து விடுவார்கள்.

ஆனால், அந்த நாலு வரியும் உண்மையாக இருக்க வேண்டும். சிறிய செய்திதானே என்று விட்டால், பொய் வேர் ஊன்றிவிடும். இதற்குக் காலண்டரே சாட்சி!

7 எப்படி 9 ஆயிற்று?

செப்டம்பர் என்ற பெயர், லத்தீன் மொழியில் 7 என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்தது. அக்டோபர் 8, நவம்பர் 9, டிசம்பர் 10.

ஆனால் செப்டம்பர் ஒன்பதாவது மாதம் அல்லவா?

ரோமாபுரியில் ஆதியில் மார்ச் மாதமே வருடத்தின் முதல் மாதம். அங்கிருந்து எண்ணினால் கணக்குச் சரியாக வரும். பிறகு வருடப் பிறப்பு ஜனவரிக்கு மாறியது. பெயர்கள் மட்டும் மாறவில்லை.

ஐந்தாம் மாதத்துக்கு கி.மு. 44-ம் ஆண்டில் ஜூலியஸ் சீசரின் பெயரைச் சூட்டினார்கள். அதுதான் ஜூலை. ஆறாம் மாதத்துக்கு கி.மு. 8-ம் ஆண்டில் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் பெயர் கிடைத்தது. அது ஆகஸ்டு.

திருடாத திருட்டு

இங்கேதான் ஒரு பொய்த் துணுக்கு நுழைந்தது. "ஜூலைக்கு 31 நாள், என் மாதத்துக்கு 30 நாளா?" என்று அகஸ்டஸ் பொறாமைப்பட்டாராம். பிப்ரவரியில் ஒரு நாளைப் பிடுங்கி, ஆகஸ்டில் சேர்த்துக் கொண்டாராம்!

கதை சுவையாக இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை.

சீசர் திருத்திய காலண்டர் கி.மு. 45-ம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆறாம் மாதத்துக்கு அப்போதே 31 நாள். அகஸ்டஸ் பெயர் சூட்டப்பட்டது, அதற்கு 37 வருடங்கள் கழித்துத்தான்!

இத்தாலியில் ஆண்டியம் என்ற ஊரில், சீசரின் திருத்தத்துக்கும் முந்திய காலண்டர் ஒன்று கிடைத்தது. சுவரில் தீட்டப்பட்ட காலண்டர் அது. அதிலும் பிப்ரவரிக்கு 28 நாள்தான்.

அகஸ்டஸ் மீது பழி சுமத்தியவர், 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சாக்ரோபோஸ்கோ என்ற அறிஞர். அவர் எழுதியதை மற்றவர்கள் நம்பினார்கள். பல நூறு ஆண்டுகள் ஆகியும் அந்தக் கதை சாகவில்லை.

விடுமுறைக்குள் ஒரு கதை

உண்மையில் சுவை இல்லையா? உண்டு!

ரஷியாவில் "அக்டோபர் புரட்சி" 1917-ம் ஆண்டு நடந்தது. ஆனால் சோவியத் நாட்டில் அதன் விழாவும் விடுமுறையும் நவம்பர் 7-ந் தேதி! காரணம், புரட்சி நடந்தபோது ரஷியாவில் இருந்தது பழைய காலண்டர். அது புதிய காலண்டருக்கு 13 நாள் பின்தங்கி இருந்தது. புரட்சி நடந்த அக்டோபர் 25, புதிய கணக்கில் நவம்பர் 7.

1918-ல் ரஷியா புதிய காலண்டருக்கு மாறியது. ஜனவரி 31-ந் தேதிக்கு மறுநாள் பிப்ரவரி 14!

ஒரு விடுமுறை நாளைப் பற்றிக் கேட்டால், ஒரு நாட்டின் சரித்திரமே கிடைக்கிறது.

பெற்றோர் கடமை

"துணுக்கு சோறு போடுமா?" என்று சிலர் கேட்பார்கள். போடாது. ஆனால், கேட்டதை எல்லாம் நம்பாத புத்தியை அது தரும். பொய் விளம்பரமும் வதந்தியும் மலிந்த காலத்தில், அந்தப் புத்தி இல்லாதவன் கையில் இருக்கும் சோற்றையும் இழப்பான்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. வீட்டில் தினம் ஒரு துணுக்கு படியுங்கள். கூடவே, "இது யார் சொன்னது? எப்படித் தெரியும்?" என்று கேட்கவும் குழந்தைகளைப் பழக்குங்கள்.

பதில் தெரியாவிட்டால் கதை கட்ட வேண்டாம். "தெரியவில்லை, வா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லும் தகப்பனைக் குழந்தை மதிக்கும்.